இடுப்புக் குழி முறிவு: அமுங்கிப்போன குருத்தெலும்பைத் தூக்கி நிறுத்தும் அறுவை சிகிச்சை

கேள்வி: என் தம்பிக்கு வயது 36. கார் விபத்தில் முழங்கால் டேஷ்போர்டில் மோதி, வலது இடுப்பு மூட்டு பின்பக்கமாகக் கழன்றுவிட்டது. ஐந்து மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உள்ளே பொருத்தினார்கள். அதன் பிறகு எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'பின்சுவர் முறிவு, மார்ஜினல் இம்பாக்‌ஷன், மூட்டுக்குள் சிறு எலும்புத் துண்டு' என்று இருக்கிறது. முழங்காலுக்கு மேலே கம்பி போட்டு எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று 4-ஆம் நாள். எலும்புத் தூள் நிரப்பி, பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தொடை எலும்பின் பந்துதான் உள்ளே போய்விட்டதே, ஆறு வாரம் படுத்திருந்தால் எலும்பு தானாகக் கூடிவிடாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எப்படியும் தேயப்போகிற மூட்டு, இப்போதே செயற்கை மூட்டு வைத்துவிடலாமே என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் தம்பியால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. என்ன செய்வது? எப்போது நடப்பான்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பியின் டாக்டர் சொல்வது சரி. இந்த முறிவுக்கு அறுவை சிகிச்சை தேவை. இந்த வாரத்துக்குள் முடிந்தால் நல்லது. அதிகம் போனால் விபத்து நடந்து 10 நாட்களுக்குள்.

உறவினர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பந்து குழிக்குள் போய்விட்டது, எக்ஸ்ரே ஒழுங்காகத் தெரிகிறது, இனி ஓய்வு போதுமே என்று யாருக்கும் தோன்றும். எலும்பு கூடத்தான் செய்யும். எந்த நிலையில் கூடுகிறது என்பதில்தான் சிக்கல். அறிக்கையின் நடுவில் இருக்கும் 'மார்ஜினல் இம்பாக்‌ஷன்' என்ற இரண்டு சொற்களைப் பலரும் படித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். உங்கள் தம்பியின் மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இடுப்புக் குழியைக் கிண்ணம் என்று சொல்வது வழக்கம். ஆனால் கிண்ணத்தின் உள்பக்கம் முழுக்கக் குருத்தெலும்பு கிடையாது. முன்னும் மேலும் பின்னுமாக, குதிரை லாட வடிவத்தில் மட்டுமே படர்ந்திருக்கும். நடுவில் இருப்பது கொழுப்பு நிரம்பிய பள்ளம். உடல் எடை அந்த லாடத்தின் மேல்தான் இறங்குகிறது. குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு அடியில் மெல்லிய, கெட்டியான எலும்புத் தகடு. அதற்கும் அடியில் தேன்கூடு போன்ற மெத்தென்ற எலும்பு.

உட்கார்ந்த நிலையில் முழங்கால் மோதும்போது தொடை எலும்பு உலக்கை போலப் பின்னோக்கி இடிக்கிறது. பந்து குழியின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. உடைந்து விலகிய சுவர்த் துண்டு எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் பந்து வெளியேறும் வழியில், சுவர் உடைந்த விளிம்பை ஒட்டி மிச்சமிருக்கும் குருத்தெலும்பையும் நசுக்கிவிட்டுப் போகிறது. ஈரச் சிமெண்டில் பதித்த டைல்ஸ் ஓரத்தை மிதித்தால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் சாயுமே, அதுபோல. குருத்தெலும்பும் அதனுடன் ஒட்டிய எலும்புத் தகடும் ஒரே துண்டாக மெத்தென்ற எலும்புக்குள் அமுங்கி, திரும்பி, பந்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தபடி நிற்கும். மார்ஜினல் இம்பாக்‌ஷன் என்பது இதுதான்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தப்பிவிடும். சி.டி.யின் குறுக்குவெட்டுப் படங்களில் பந்தின் வளைவும் குழியின் வளைவும் இரண்டு தண்டவாளம் போல ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். ஓரிடத்தில் குழியின் வளைவு முறிந்து உள்ளே சாய்ந்திருந்தால் அங்கே அமுக்கம் இருக்கிறது. உங்கள் தம்பியின் படத்தில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நிமிட வேலை. பார்த்துவிட்டால் உறவினர்களுக்கு நீங்களே விளக்கிவிடலாம்.

எடை தொங்கவிடுவதால் இது ஏன் சரியாகாது என்றால், இழுவைக்கு வேலை செய்ய ஒரு பிடி வேண்டும். உடைந்த சுவர்த் துண்டில் மூட்டு உறை ஒட்டியிருக்கிறது, காலை இழுத்தால் அதுவாவது கொஞ்சம் நகரும். அமுங்கிய துண்டில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. எத்தனை கிலோ தொங்கவிட்டாலும் அது அமுங்கிய இடத்திலேயே கிடந்து, அப்படியே கூடிவிடும். பிறகு பந்து சமதளம் இல்லாத தரையில் உருளும். எடை முழுவதும் மிச்சமுள்ள சிறு பரப்பில் குவியும், அந்தப் பரப்பு சீக்கிரம் தேயும். இப்போது போட்டிருக்கும் எடையின் நோக்கம் வேறு: பந்து உடைந்த விளிம்பில் உரசாமலும், மூட்டுக்குள் கிடக்கும் துண்டின் மேல் அழுந்தாமலும், மறுபடி கழன்றுவிடாமலும் பார்த்துக்கொள்வது. அறுவை சிகிச்சை நாள் வரை அதை யாரும் அவிழ்க்க விடாதீர்கள்.

பின்சுவர் முறிவுகள் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவரில் 20 சதவீதத்துக்கும் குறைவாக உடைந்திருந்தால் மூட்டு பெரும்பாலும் நிலையாக இருக்கும். 50 சதவீதத்துக்கு மேல் என்றால் நிற்காது. இடைப்பட்டவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பை 90 டிகிரி மடக்கி, லேசாக உள்பக்கம் திருப்பிப் பின்னோக்கி அழுத்தி, சி-ஆர்ம் (அறுவை அரங்கில் பயன்படும் நகரும் எக்ஸ்ரே கருவி) திரையில் பந்து நழுவுகிறதா என்று பார்ப்பார்கள். சதவீதக் கணக்கை விட இந்தச் சோதனைதான் நம்பகமானது. சிறிய துண்டு என்று விட்டுவைத்த மூட்டு நழுவுவதும் உண்டு. ஆனால் உங்கள் தம்பிக்கு இந்தச் சோதனை முடிவை மாற்றப்போவதில்லை. அமுங்கிய குருத்தெலும்பு ஒன்று, மூட்டுக்குள் மாட்டிய துண்டு இன்னொன்று. இவற்றில் ஒன்று இருந்தாலே திறந்து சரிசெய்ய வேண்டும்.

நாள் கணக்கைப் பற்றி. முதல் இரண்டு மூன்று நாட்களில் உடைந்த எலும்பு அதிகம் ரத்தம் கசியும். அவசரக் காரணம் இல்லாவிட்டால் அது அடங்கக் காத்திருப்பது வழக்கம். அதற்காக நாட்களைத் தள்ளிக்கொண்டே போகவும் கூடாது. அமுங்கிய துண்டைச் சுற்றியுள்ள மெத்தென்ற எலும்பு சீக்கிரமே இறுகத் தொடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் துண்டைத் தூக்கும்போது அது நொறுங்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். மூன்று வாரம் ஆகிவிட்டால், கூடிய எலும்பைத் திரும்ப வெட்டிப் பிரிக்க வேண்டிய வேறு வகை அறுவை சிகிச்சையாகிவிடும், பலனும் குறையும். எனவே 'இன்னொரு ஊரில் கேட்டுப் பார்க்கலாம்' என்றால் நாளைக்கே கேளுங்கள். இந்த முறிவை அடிக்கடி செய்யும் அறுவை நிபுணரிடம் மாற்றுவதற்காக இரண்டு நாள் செலவானால் அது வீண் அல்ல. இடுப்பு எலும்பு வேலை பொது எலும்பு முறிவு வேலையிலிருந்து தனியானது. இந்தக் குறிப்பிட்ட முறிவைத் தொடர்ந்து செய்பவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்த நாட்களில் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. அதே முழங்காலைப் பரிசோதித்தார்களா? டேஷ்போர்டு அடியில் முழங்கால் சில்லும், உள்ளே இருக்கும் பின்குறுக்கு லிகமென்ட்டும் சேதமாவது சகஜம். இடுப்பு வலியில் அது மறைந்துபோகும். இடுப்பின் பக்கவாட்டில் தோல் தளதளவென்று, அடியில் நீர் கட்டியதுபோல் இருக்கிறதா? தோல் அடிக்கொழுப்போடு சேர்ந்து தசையுறையிலிருந்து உரிந்து ரத்தம் தேங்கும் நிலை அது. கீறல் அதன் வழியாகப் போனால் தொற்று வரும் ஆபத்து கூடும் என்பதால் முதலில் அதைக் கவனிக்க வேண்டியிருக்கும். ரத்தக்கட்டுத் தடுப்பு ஊசி தொடங்கிவிட்டார்களா என்றும் கேளுங்கள். படுத்த படுக்கையும் இடுப்பு முறிவும் சேர்ந்தால் காலின் ஆழமான ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைவது எளிது. தம்பி புகைபிடிப்பவர் என்றால் இன்றோடு நிறுத்தட்டும்.

இனி அறுவை அரங்கில் நடப்பது. நீங்கள் கேட்ட எலும்புத் தூளின் காரணம் இங்கேதான் புரியும்.

குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, இடுப்பின் பின்பக்கம் வழியாகத் திறப்பார்கள். கோக்கர்-லாங்கன்பெக் பாதை என்று பெயர். முழங்காலை மடக்கியும் இடுப்பை நீட்டியும் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால், இடுப்பின் பின்பக்கமாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாடிக் நரம்பு தளர்வாக இருக்கும். காயம் படாத இடத்தில் முதலில் நரம்பைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே தொடர்ந்து வருவார்கள். மூட்டை மூடியிருக்கும் குட்டித் தசைகளின் நாண்களை எலும்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டுவார்கள். எலும்பை ஒட்டி வெட்டினால் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அறுபடும். கீழே இருக்கும் சதுரத் தசையைத் தொடாமல் விடுவதும் அந்தத் தமனிக்காகத்தான்.

உடைந்த சுவர்த் துண்டை மூட்டு உறையிலிருந்து பிரிக்காமல், புத்தக அட்டையைத் திருப்புவதுபோல் திருப்பி வைப்பார்கள். உறைதான் அதற்கு ரத்தம் தரும் கடைசிக் கொடி. 'நன்றாகத் தெரியட்டும்' என்று உறையை அறுத்துத் துண்டை வெளியே எடுத்துவிட்டால் வேலை எளிதாகும், துண்டு செத்துப்போகும்.

அடுத்து காலை இழுத்து மூட்டைத் திறந்து கழுவி, உள்ளே கிடக்கும் துண்டுகளை எடுப்பார்கள். சி.டி.யில் எண்ணிய துண்டுகளும் வெளியே வந்த துண்டுகளும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். எடை தாங்காத சிறு தூள்களைத் தூக்கிப் போடலாம். குருத்தெலும்போடு இருக்கும் பெரிய துண்டு என்றால் பத்திரப்படுத்தி, அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

இழுவையைத் தளர்த்திப் பந்தை, குழியின் உடையாத மேல்பகுதிக்கும் முன்பகுதிக்கும் கீழே சரியாக உட்கார வைப்பது அடுத்த படி. இனிமேல் பந்துதான் அச்சு. இதை வைத்துத்தான் அமுங்கிய துண்டு எவ்வளவு தூக்கப்பட வேண்டும் என்று அளக்கப்போகிறார்கள். பந்து ஒரு சில மில்லிமீட்டர் பின்னால் நழுவியிருந்தால், அந்தத் தவறான அச்சில் தூக்கிய துண்டும் தவறாகத்தான் நிற்கும். அவசரமாகச் செய்த மூட்டுகளில் பின்னால் தெரிய வரும் தவறுகளில் இது ஒன்று.

பிறகு அகலமான மெல்லிய உளியைக் குருத்தெலும்புக்கு அடியில், 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்தில், மெத்தென்ற எலும்புக்குள் செலுத்துவார்கள். குருத்தெலும்பை மட்டும் உரித்துத் தூக்கக் கூடாது. அதன் அடியில் போதுமான எலும்பு ஒரு மெத்தை போல ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதே உடையும், உடையாவிட்டால் பின்னால் சாகும். மெதுவாக நெம்பி, துண்டின் குருத்தெலும்பு பந்தின் வளைவோடு படியும்வரை திருப்பி நிறுத்துவார்கள். முழு அறுவை சிகிச்சையிலும் கைப்பக்குவம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஒரு தடவைதான் சரியாக வரும். இரண்டாம் முறை நெம்பினால் அந்த எலும்பு அப்பளமாக நொறுங்கும்.

துண்டைத் தூக்கியதும் அதன் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அப்படியே விட்டால் முதல் பாரத்திலேயே துண்டு மறுபடி அமுங்கும். அதை நிரப்பத்தான் போன் கிராஃப்ட், அதாவது நீங்கள் சொன்ன எலும்புத் தூள். தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பில், அதே காயத்துக்குள்ளேயே, சிறு ஜன்னல் வெட்டித் தேவையான எலும்பை எடுத்துக்கொள்ளலாம். குறைந்தால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுப்பார்கள், அல்லது கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கை நிரப்பியைப் பயன்படுத்துவார்கள். இறுக்கமாக அடைக்க வேண்டும், ஆனால் துண்டைப் பந்தின் மேல் தள்ளும் அளவுக்கு அல்ல. துண்டு பெரிதாக இருந்தால் 2 மில்லிமீட்டர் அளவிலான குட்டி ஸ்க்ரூவோ, கரைந்துபோகும் ஊசியோ போட்டுப் பிடிக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவர்த் துண்டை மூடிபோல் மேலே மூடுவார்கள். துண்டை 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களால் இறுக்கி, அதன் மேல் இருக்கை எலும்பிலிருந்து மேலே இடுப்பெலும்பு வரை ஏழெட்டுத் துளைகள் உள்ள பிளேட். இந்தப் பிளேட்டை எலும்பின் வளைவுக்கு முழுக்கப் பொருந்தும்படி வளைக்க மாட்டார்கள்; ஒரு மாற்றுக் குறைவாக வளைப்பார்கள். அப்போதுதான் இரு முனைகளையும் முடுக்கும்போது நடுப்பகுதி சுவரை அழுத்திப் பிடிக்கும். அளவுக்கு மேல் வளைத்த பிளேட் பாலம்போல் சுவரைத் தொடாமல் நிற்கும், பயனில்லை. விளிம்பில் ஸ்க்ரூ தாங்காத மெல்லிய துண்டுகள் இருந்தால், முனையில் கொக்கி போல வளைத்த சின்னப் பிளேட்டை அடியில் வைத்து, அதன் மேல் பெரிய பிளேட்டைப் போடுவார்கள். கொக்கி எலும்பில் ஊன்ற வேண்டும். விளிம்பைத் தாண்டிப் பந்தைச் சுரண்டக் கூடாது.

கடைசியில், எந்த ஸ்க்ரூவும் மூட்டுக்குள் எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதி செய்ய, பல கோணங்களில் சி-ஆர்ம் படம் எடுத்து, மூட்டை அசைத்து உரசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுவைக்குப் பிறகு ஒரு சி.டி. எடுப்பது நல்லது. மூட்டுக்குள் நீண்ட ஸ்க்ரூ சில வாரங்களில் பந்தை அரைத்துவிடும். அதை முதல் வாரத்தில் கண்டுபிடித்து மாற்றுவது அவமானமல்ல, கண்டுபிடிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

அமுக்கம் குழியின் கூரை வரை ஏறியிருந்தாலோ, பந்தின் குருத்தெலும்பும் உடைந்திருந்தாலோ, தொடை எலும்பின் மேல்புடைப்பைத் தகடாக வெட்டித் திருப்பி, பந்தைப் பாதுகாப்பாக வெளியே எடுத்து, குழி முழுவதையும் நேரில் பார்த்துச் செய்யும் முறையும் இருக்கிறது. தேவையா என்பது சி.டி.யைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செயற்கை மூட்டு கேள்விக்கு வருகிறேன். 'எப்படியும் தேயும்' என்பது சரியல்ல. அறுவை சிகிச்சை செய்த 816 இடுப்புக் குழி முறிவுகளைத் தொடர்ந்த, 2012-ல் வெளிவந்த ஆய்வொன்றில், 20 ஆண்டுக் கணக்கில் 79 சதவீத மூட்டுகள் மாற்றப்படாமல் தாக்குப்பிடித்தன. வயது 40-க்கு மேல், துல்லியமில்லாத பொருத்தம், பந்தின் குருத்தெலும்பு சேதம், பின்சுவர் முறிவு, இதே மார்ஜினல் இம்பாக்‌ஷன் ஆகியவை அதில் பாதகமான காரணிகளாகத் தெரிந்தன. உங்கள் தம்பிக்கு இரண்டு பாதகங்கள் இருக்கின்றன, வயது சாதகம். பொருத்தத்தின் துல்லியம் மட்டும்தான் இன்னும் கையில் இருப்பது. மூட்டுப் பரப்பில் மிஞ்சும் இடைவெளியும் மேடுபள்ளமும் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் துல்லியம். 2-3 மில்லிமீட்டர் குறைபாடு. 3-க்கு மேல் மோசம். இதுதான் இந்தத் துறையில் வழக்கத்தில் இருக்கும் அளவுகோல்.

அதோடு, செயற்கைக் கிண்ணம் நிற்பதற்கும் ஒரு சுவர் வேண்டும். உடைந்த சுவரில் கிண்ணம் பிடிக்காது. எப்படியும் பிளேட் போட்டுத்தான் ஆக வேண்டும். 36 வயதில் வைத்த செயற்கை மூட்டை வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரலாம். பின்னாளில் மூட்டு தேய்ந்து மாற்ற நேர்ந்தாலும், இப்போது சரிசெய்த சுவர் அன்றைக்கு உதவும். உடனே மாற்றுவது பொருத்தமாக இருக்கும் ஆட்கள் வேறு: எலும்பு மெலிந்த முதியவர்கள், பக்கவாட்டில் விழுந்து குழியின் கூரையே உள்நோக்கி அமுங்கியவர்கள், பந்தின் குருத்தெலும்பு பெருமளவு போய்விட்டவர்கள். கூரை அமுங்கிய அந்த வகை எக்ஸ்ரேயில் சிறகு விரித்த கடற்பறவை போலத் தெரியும். அந்த வயதில் அதைத் தூக்கி நிறுத்தினாலும் பெரும்பாலும் நிற்காது.

அறுவை சிகிச்சையால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். நசுங்கிய நொடியிலேயே செத்துப்போன குருத்தெலும்பு செல்களை யாராலும் உயிர்ப்பிக்க முடியாது. தளத்தைச் சமன் செய்யலாம், அவ்வளவுதான். 3,670 முறிவுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், அறுவைக்குப் பிறகும் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது. பந்து ரத்த ஓட்டம் இழந்து சாவது 5.6 சதவீதம், காயத்தில் தொற்று 4.4 சதவீதம், சிகிச்சையின்போது நரம்பு பாதிப்பு 8 சதவீதம். பந்தின் ரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை, ஐந்து மணி நேரத்துக்குள் மூட்டை உள்ளே பொருத்தியது உங்கள் தம்பிக்குச் செய்த பெரிய உதவி. ஆனாலும் அந்தப் பாதிப்பு இரண்டு வருடம் கழித்தும் தலைகாட்டலாம், அதனால்தான் படங்கள் தொடர வேண்டும்.

பாதம் தூக்க முடியாதது பற்றி முதலில் எனக்குப் பதில் தெரிய வேண்டிய கேள்வி: மூட்டைப் பொருத்துவதற்கு முன்பே அப்படி இருந்ததா, பொருத்திய பிறகு வந்ததா? பிறகு வந்தது என்றாலோ, நாளுக்கு நாள் கூடுகிறது என்றாலோ, நரம்பு ஏதாவது துண்டில் மாட்டியிருக்கலாம். அது காத்திருக்கக் கூடாத நிலை, இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பே இருந்தது என்றால், பந்து பின்னால் வந்தபோது சயாடிக் நரம்பை நசுக்கியிருக்கிறது. இந்த நரம்பின் இரு பிரிவுகளில், பாதத்தைத் தூக்கும் பிரிவுதான் எளிதில் அடிபடும். அறுவைக்கு முன்பே விரல், பாத அசைவுகளையும் உணர்ச்சியையும் சோதித்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறகு 'இது எப்போது வந்தது' என்ற குழப்பம் இருக்காது.

இன்றே பாதத்துக்கு 90 டிகிரியில் நிற்கும் ஸ்ப்ளின்ட் போட வேண்டும். நரம்பு திரும்பும்வரை குதிநாண் சுருங்கிவிட்டால், நரம்பு வந்த பிறகும் பாதம் எழாது. மூன்று நான்கு வாரம் கழித்து நரம்புப் பரிசோதனை எடுத்தால் நிலைமை தெளிவாகும். அதற்கு முன் எடுத்தால் ஏமாற்றும். நரம்பு வளர்ச்சி நத்தை வேகம்தான், ஒன்றரை இரண்டு வருடம் வரை முன்னேற்றம் வரலாம். முழுமையாகத் திரும்பாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஷூவுக்குள் வைக்கும் ஸ்ப்ளின்ட்டும், வேண்டுமானால் நாண் மாற்றும் அறுவையும் இருக்கின்றன.

அறுவைக்குப் பின் முதல் நாளிலிருந்தே மூட்டை மெதுவாக அசைக்க ஆரம்பிப்பார்கள். குருத்தெலும்புக்கு அசைவுதான் சாப்பாடு. ஓரிரு நாளில் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கலாம், ஆனால் அந்தக் காலில் பாரம் 10-15 கிலோவுக்கு மேல் கூடாது. அது எவ்வளவு என்று தெரிய, எடை பார்க்கும் இயந்திரத்தில் அந்தக் காலை வைத்து அழுத்திப் பழகட்டும். பலர் பயந்துகொண்டு காலைத் தொங்கலாகவே தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அது பாதுகாப்பு அல்ல: காலைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் மூட்டை நெருக்கும் அழுத்தம், விரல் நுனி தரையில் படும்போது வருவதை விட அதிகம்.

முதல் ஆறு வாரம் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. தாழ்ந்த இருக்கை, குனிந்து ஷூ கட்டுவது, கால் மேல் கால் போடுவது எல்லாம் விலக்கு. நாற்காலியிலிருந்து எழும் கணத்தில்தான் பின்சுவரில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். எனவே உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலி, அடிபட்ட காலை முன்னால் நீட்டி, கைகளால் ஊன்றி எழுவது. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் எக்ஸ்ரே பார்த்துப் பாரத்தைக் கூட்டுவார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது மூன்று மாதத்துக்குப் பிறகு. நொண்டல் போக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், புட்டத் தசைகள் பலம் பெறுவதைப் பொறுத்து. வலது கால் என்பதால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க முடிகிறவரை வண்டி ஓட்டக் கூடாது; பாதம் தூக்க முடியாதவரை அந்தப் பேச்சே வேண்டாம்.

ரத்தக்கட்டுத் தடுப்பு மருந்து வீட்டுக்குப் போன பிறகும் பொதுவாக நான்கைந்து வாரம் தொடரும். வலி குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்தப் பாதையில் செய்யும் அறுவைக்குப் பிறகு தசைகளுக்குள் எலும்பு வளரும் பழக்கம் உண்டு; முன்சொன்ன தொகுப்பில் அது 25.6 சதவீதம், மூட்டை முடக்கும் அளவுக்குக் கடுமையானது 5.7 சதவீதம் மட்டுமே. தடுக்க இண்டோமெதாசின் மாத்திரை சில வாரங்கள் தரலாம், அல்லது 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை குறைந்த அளவு கதிர்வீச்சு. மாத்திரை எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும் என்பதால் எல்லா நிபுணர்களும் எல்லோருக்கும் தருவதில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ, காயத்தில் ஐந்தாறு நாளுக்குப் பிறகும் நீர் வடிந்தாலோ, 'டொக்' என்ற சத்தத்தோடு கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

எக்ஸ்ரே 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம், 2 வருடம் என்று தொடரட்டும். விபத்து நாளின் சி.டி., அறுவைக்குப் பின் எடுத்த சி.டி., இரண்டையும் படமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அறுவைக் குறிப்பில் பிளேட், ஸ்க்ரூ வகையும் அளவும், கிராஃப்ட் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும், பந்தின் குருத்தெலும்பு நேரில் எப்படித் தெரிந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பதினைந்து வருடம் கழித்து யாராவது அந்த மூட்டைத் திறக்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.